பால்மரத்துச் சட்டி

பீடோரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் மூன்று தலைமுறை ரப்பர் மரத்தோடுதான் வாழ்ந்தது. விடியுமுன் பெரட்டு, பிறகு நிரை, கோடு, மங்கு, பால்வாளி, ஸ்டோர், மத்தியானம் மறுபடி லயம். அடுப்பில் எரிந்தது அந்த மரம். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்டதும் அந்த மரம். பிள்ளைகள் கைக்குள் வைத்து நெரித்து உடைத்து விளையாடிய கொட்டையும் அதனுடையதே. இத்தனை இருந்தும், அதே மரத்தில் கடைந்த ஒரு சட்டியையோ கிண்ணத்தையோ லயத்து வீட்டில் யாரும் பார்த்திருக்க முடியாது. சோறு அலுமினியச் சட்டியில் வெந்தது, மங்குத் தட்டில் விழுந்தது. உப்பு பால் டின்னிலோ கொட்டாங்கச்சியிலோ கிடந்தது.

இன்று நிலைமை தலைகீழ். பீடோரிலிருந்து தெலுக் இந்தான் போகும் சடக்கோரம் எங்கே பார்த்தாலும் செம்பனை. பெருஞ்சாலை ஓரக் கடைகளில் கொய்யாவும் பெத்தாயும் தொங்குகின்றன. ரப்பர் மரத்தைப் பார்க்க வேண்டுமானால் ஏதாவது சிறுதோட்டக்காரரின் நிலத்தைத் தேடிப் போக வேண்டும். ஆனால் ஈப்போவில் பேரங்காடிகளின் சமையல் சாமான் பகுதியில் வெளிர் மஞ்சள் நிறத்தில் வழுவழுப்பான மரக்கிண்ணங்கள் அடுக்கியிருக்கின்றன. அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்தால் பலவற்றில் ரப்பர் மரம் என்றுதான் போட்டிருக்கும். தோட்டத்தில் பிறந்து தாமானுக்குக் குடிவந்தவர்களின் பிள்ளைகள் அதை வாங்கிப் புதுமனைப் புகுவிழாவுக்குப் பரிசாகக் கொடுக்கிறார்கள். சில மாதங்களில் அவற்றில் பல விரிசல் விடுகின்றன. விட்டதும் குப்பைத்தொட்டிக்குப் போகின்றன.

முதன்முதலாக இப்படி ஒரு கிண்ணம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது பால் வெட்டி ஓய்ந்த பெரியப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பால் மரத்துல சட்டியாப்பா? பூச்சி தின்னுடுமே!" என்றார். அவர் அனுபவத்தில் அது முழு உண்மை.

ரப்பர் மரம் வைரம் பாயாத மரம். செங்கால் போன்ற காட்டு மரத்தை அறுத்தால் நடுவில் கறுத்து இறுகிய வைரமும் அதைச் சுற்றி வெளுத்த வெளிக்கட்டையும் தனித்தனியாகத் தெரியும். ரப்பரில் அந்தப் பிரிவு கண்ணுக்குத் தெரியாது. உள்ளிருந்து வெளிவரை ஒரே வெளுப்பு. அந்த வெளுப்பு நிறைய மாவுச்சத்தும் சர்க்கரையும் இருக்கும். வெட்டிப் போட்ட மூன்று நான்கு நாளில் நீலப்பூஞ்சை ஏறி மரம் சாம்பல் நிறமாகும். பிறகு துளைப்பூச்சி நுழையும். ஒரு மாதம் மழையில் கிடந்த கட்டையைத் தட்டினால் வெள்ளை மாவு கொட்டும். அதில் யார் கிண்ணம் குடைவார்கள்? மறுநடவுக்காகப் பழைய மரத்தை அழிக்கும் காலம் வந்தபோது தோட்டங்கள் அதை மரமாகவே மதிக்கவில்லை. பட்டையைச் சுற்றிலும் வெட்டி சோடியம் ஆர்சனைட் விஷத்தைத் தடவி, நின்ற இடத்திலேயே சாக விட்ட காலம் ஒன்று இருந்தது. மிஞ்சியது புகைக்கூடத்துக்கும் செங்கல் சூளைக்கும் விறகாகப் போனது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 கன்றுகளில் 9ஐக் கோலகங்சாரில் ஊன்றிப் பேராக்கில் இந்த மரத்தைத் தொடங்கி வைத்தவர்கள் யாரும் அதன் பலகையை நினைத்து ஊன்றவில்லை. பால்தான் குறி.

அப்படியென்றால் அந்தக் காலத்துப் பேராக்கில் கையால் குடைந்த மரக்கிண்ணமே இல்லையா என்றால், இருந்தது. சமையலறையில் இல்லை, ஆற்றில் இருந்தது. டூலாங்.

பீடோர் என்றதும் இப்போது பலருக்கு வாத்து 'மீ' தான் நினைவுக்கு வரும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கும்வரை கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் நடுவே ஓடிய வண்டிகள் சாப்பாட்டுக்கு நின்ற ஊர் இது. அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அதற்கும் முந்தைய அடையாளம் ஈயம். கிந்தா பள்ளத்தாக்கின் ஈய வளம் தெற்கே பத்தாங் பாடாங் மாவட்டம்வரை நீண்டிருந்தது. தோட்டத்து எல்லை முடியும் இடத்தில் லம்பம் என்ற ஈயச் சுரங்கம் தொடங்கும். ஈயக்கப்பல் இரவு பகலாக மண்ணை அள்ளித் துப்பும். கப்பலும் பம்பும் விட்டுப் போன மண்ணிலும், ஆற்று ஓடையிலும் முழங்கால் தண்ணீரில் நின்று ஈயம் அரித்தவர்கள் பெண்கள். பெரும்பாலும் ஹக்கா சீனப் பெண்கள். நீலச் சட்டை, முகத்தை மறைக்கும் துணி, அகன்ற தொப்பி, கையில் டூலாங். அதற்கு அரசாங்க அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு இல்லாமல் அரித்தால் குற்றம்.

டூலாங் என்பது ஒரே மரத்துண்டில் குடைந்த, அகலமான ஆழமில்லாத தட்டு. ஏறக்குறைய இரண்டடி குறுக்களவு இருக்கும். நடுவில் மட்டும் சற்றுக் குழி. மண்ணை அள்ளித் தண்ணீருக்குள் வைத்துச் சுழற்றினால் மணல் விளிம்பு வழியாக வெளியேறும். கறுத்த ஈயத்தாது குழியில் தங்கும். மணலைவிட ஈயத்தாது இரண்டரை மடங்குக்கு மேல் கனம். வேலையெல்லாம் அந்தக் கனத்தை நம்பித்தான். தட்டின் உட்புறம் வழுவழுப்பாக இருக்க வேண்டும். ஒரு கீறல் இருந்தாலும் மணல் அதில் தங்கி ஓட்டத்தைக் கெடுக்கும். கீறல் விரிசலாகி அடிவரை போய்விட்டால், நாள் முழுக்கக் குனிந்து சேர்த்த பொடித்தாது தண்ணீரோடு அதன் வழியே இறங்கிவிடும்.

ஆகவே விரிசலைச் சரிசெய்வது அந்தப் பெண்களுக்குக் கூலியைக் காப்பாற்றும் காரியம். ஈப்போவில் பழம்பொருள் கடைகளில் தூசி படிந்து கிடக்கும் டூலாங்குகளைப் புரட்டிப் பார்த்தால் அந்தக் கைவேலையின் தடம் சிலவற்றில் தெரியும். விரிசலின் மேல் தகரப் பட்டையை வைத்துச் சின்னச் சின்ன ஆணிகளால் அறைந்திருக்கிறார்கள். கவனிக்க வேண்டியது, பட்டை வெளிப்புறத்தில் இருக்கிறது. உட்புறத்தில் அறைந்திருந்தால் அதன் ஓரத்திலேயே தாது சிக்கும். அழகாக இருக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்திருந்தால் பட்டையை இன்னும் ஒழுங்காக வெட்டியிருப்பார்கள். பிஸ்கட் டின்னை வெட்டியதுபோல் கோணல்மாணலாக இருக்கிறது. ஆனால் வேலைக்கு அது போதும். மரம் தண்ணீரில் ஊறியதும் உப்பி, விரிசலின் இரு உதடுகளும் தாமாகவே நெருங்கிவிடும். பட்டை அவற்றை நழுவாமல் பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்து கரையேறினாலும் டூலாங்கை வெயிலில் காயப் போடக் கூடாது. நிழலில் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒருநாள் வெயில் போதும், மூடிய வாய் மறுபடி திறக்க.

மரம் ஏன் பிளக்கிறது என்பதை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. வெட்டிய மரத்தின் ஈரம் குறைந்துகொண்டே வந்து ஏறக்குறைய 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போது மரம் சுருங்கத் தொடங்கும். எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்கினால் பிரச்சினையே இல்லை. கிண்ணம் சிறியதாகும், அவ்வளவுதான். ஆனால் வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. நீளவாக்கில் சுருங்குவது இல்லை என்றே சொல்லலாம். இந்த இழுபறியில் மரம் எங்கே பலவீனமோ அங்கே கிழிகிறது. கூடவே இன்னொன்று: குறுக்கே அறுத்த வெட்டுமுகம் பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக ஈரத்தை விடும். கிண்ணத்தில் எதிரெதிராக இரண்டு இடங்களில் வெட்டுமுகம் இருக்கும். பெரும்பாலான விரிசல்கள் விளிம்பில் அந்த இரண்டு இடங்களில் ஒன்றில்தான் பிறக்கின்றன. உங்கள் வீட்டில் பிளந்த கிண்ணம் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

நம் நாட்டுக் காற்றில் திறந்த வீட்டில் கிடக்கும் மரம் 15 விழுக்காட்டை ஒட்டிய ஈரத்தில் நிலைகொள்ளும். லயத்து வீட்டில் பலகை இடுக்கு வழியாகக் காற்று உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. இரவும் பகலும் மரத்துக்கு ஏறக்குறைய ஒன்றுதான். தாமான் வீட்டில் இரவு முழுக்கக் குளிர்சாதனம் ஓடுகிறது, காலையில் ஜன்னலைத் திறக்கிறோம், மத்தியானம் மழை, சாப்பிட்டு முடித்ததும் கிண்ணம் வெந்நீரில் முங்குகிறது. ஒரே நாளில் மரம் இத்தனை முறை உப்பிச் சுருங்க வேண்டியிருக்கிறது. பழைய சாமான்கள் அந்தக் காலத்துச் சரக்கு என்பதால்தான் உழைத்தன என்று சொல்வோரிடம் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அவை இருந்த வீடும் வேறு.

ஒட்டுவேலைக்கு வருவோம். ஆசாரிகள் பலகை இணைக்க வச்சிரப் பசை காய்ச்சுவார்கள். தோலிலும் எலும்பிலும் எடுத்த பசை. இழுவைக்கு நன்றாகத் தாங்கும், ஈரம் பட்டால் இளகிவிடும். கிண்ணத்துக்கு ஆகாது. தண்ணீர்ப் புழக்கமுள்ள மரத்துக்குத் தோணிக்காரர்களின் வழிதான். குங்கிலியத்தைப் பொடித்து எண்ணெயில் காய்ச்சிப் பஞ்சோடு சேர்த்து இடுக்கில் திணிப்பார்கள். தமிழ்நாட்டுக் கரையில் இதைக் கலப்பத்து என்பார்கள். இங்கே மலாய்த் தோணிகளுக்கும் அதே முறைதான். குங்கிலியத்துக்கு டாமார் என்று பெயர். காட்டு மரத்திலிருந்து பூர்வகுடியினர் சேகரித்துக் கொண்டுவந்து கொடுத்த சரக்கு அது. எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியம் கல்லாய் இறுகிவிடாது. மரம் அசையும்போது தானும் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். அம்பாசமுத்திரத்துக் கடைசல் பட்டறைகளில் சொப்புச் சாமானுக்கு அரக்கு ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு வழி தெரியும். சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டில் உருகி, மயிரிழை விரிசலுக்குள் தானே இறங்கி மூடிவிடும்.

பெரிய விரிசலுக்குத் தையல். விரிசலின் இரு பக்கமும் துளை போட்டுக் கம்பியாலோ பிரம்பு நாராலோ இழுத்துக் கட்டுவது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய மரவைகளைப் புரட்டினால் தையலும், பித்தளைக் கவ்வியும், தகர ஒட்டும் கண்ணில் படும். அவை புழங்கிய வசதியான வீடுகளில் புதுசு வாங்கப் பணம் இல்லாமலா ஒட்டுப் போட்டார்கள்? ஒட்டுப் போட்ட மரவை உப்பையும் ஊறுகாயையும் முன்போலவே தாங்கியது, வேறொன்று வாங்கக் காரணம் இல்லை.

இந்த விஷயத்தில் உலகிலேயே எனக்கு மிகவும் பிடித்தவர்கள் ஹவாய்த் தீவினர். அவர்களிடம் 'உமெகே' என்று ஒரு மரக்கலயம் உண்டு; அதில் சில நம் பூவரசில் கடைந்தவை. பூவரசை அவர்கள் 'மிலோ' என்கிறார்கள். விரிசல் விட்டால் அதற்குக் குறுக்கே உடுக்கை வடிவத்தில் ஒரு குழி வெட்டி, அதே வடிவில் செதுக்கிய கட்டையை அடித்து இறக்குவார்கள். இடுப்பு சிறுத்து இரு முனையும் அகன்றிருப்பதால் விரிசல் மேற்கொண்டு திறக்க முடியாது. அதற்குப் 'பேவா' என்று பெயர். நான்கைந்து பேவா போட்ட கலயத்துக்கு அங்கே மதிப்புக் குறைவதில்லை, கூடுகிறது. இத்தனை முறை ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்றால் அது யாருக்கோ வேண்டிய பாத்திரம் என்பது அவர்கள் கணக்கு.

பால் மரம் எப்படிச் சட்டியானது? கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சி நிலையத்தின் பங்கு அதில் பெரிது. பூச்சி தின்னும் மாவுச்சத்தை மரத்திலிருந்து வெளியே எடுக்க முடியாது. பூச்சிக்கு ஆகாததை உள்ளே ஏற்ற முடியும். வெட்டிய ஓரிரு நாளிலேயே மரத்தை அறுத்து, பெரிய உருளைக்குள் அடுக்கி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தோடு செலுத்துகிறார்கள். பிறகு சூளை அறையில் 8 முதல் 12 விழுக்காடு ஈரம்வரை காயவைக்கிறார்கள். முன்பு விறகாகப் போன மரம் 1970களின் கடைசியிலிருந்து நாற்காலி மேசையாகிக் கப்பலேறத் தொடங்கியது. 1985இல் தீபகற்பத்திலிருந்து உருட்டுக்கட்டை ஏற்றுமதி தடை செய்யப்பட்டதும் காட்டு மரத்தை நம்பியிருந்தவர்களும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். மூவார் தளவாடத் தொழில் இந்த மரத்தின் மேல் வளர்ந்தது. வெளிநாட்டில் அதற்கு மலேசிய ஓக் என்று ஒரு விற்பனைப் பெயர்கூட வைத்தார்கள். ஓக் மரத்துக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது. கடைசியில் உள்ளூர்த் தொழிற்சாலைகளுக்கே மரம் போதவில்லை என்று 2017இல் அறுத்த ரப்பர் பலகையின் ஏற்றுமதியையும் அரசாங்கம் நிறுத்தியது. விஷம் வைத்துக் கொன்ற மரம்!

அதே 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் பணம் இல்லாமல் முடங்கியது. லண்டன் உலோகச் சந்தையில் ஈய வணிகம் நின்றது. விலை சரிந்தது, லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடின. பேராக்கின் ஈயக்கப்பல்களில் 1938இல் கட்டி 1982வரை ஓடிய தஞ்சோங் துவாலாங் ஐந்தாம் எண் கப்பல் இன்று காட்சிப்பொருள். சீட்டு வாங்கி ஏறிப் பார்க்கலாம். கப்பல்கள் நின்ற பிறகும் கொஞ்ச காலம் டூலாங் அரிப்பு நடந்தது. பிறகு அந்தப் பெண்களுக்கு வயதாகிவிட்டது. மகள்கள் யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. ஈயக்குட்டைகளில் இப்போது மீன் வளர்க்கிறார்கள்.

கடையில் விற்கும் ரப்பர் மரக்கிண்ணத்தை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். அது ஒரே மரம் இல்லை. இரண்டு விரல் மூன்று விரல் அகலத்தில் துண்டு துண்டாக ஒட்டியிருப்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. இருபத்தைந்து முப்பது வருடம் பால் கொடுத்த மரம் அத்தனை பருமனாக இருக்காது. அடிமரத்தில் வெட்டுக்காயங்கள். அதில் ஓரடி அகலக் கிண்ணத்தை ஒரே கட்டையில் கடைந்தால் மரத்தின் நடுக்குருத்தும் உள்ளே வந்துவிடும். நடுக்குருத்து இருக்கும் கிண்ணம் பிளக்காமல் இருப்பது அபூர்வம். ஆகவே சிறு சட்டங்களாக அறுத்து, மரத்தின் ஓட்டம் மாறி மாறி வரும்படி ஒட்டி, அந்தக் கட்டியைக் கடைகிறார்கள். ஒரு துண்டின் இழுப்பைப் பக்கத்துத் துண்டு தடுக்கும். நல்ல யோசனைதான். ஆனால் இந்தக் கிண்ணம் பிளக்கும்போது பெரும்பாலும் பசைக்கோட்டை ஒட்டியே நேர்க்கோட்டில் பிளக்கும்.

இதைச் சரிசெய்யத் தெரிந்த ஆள் பீடோரில் எங்கே? தளவாடக் கடைக்காரர் கையை விரிப்பார். ஹார்ட்வேர் கடையில் சூப்பர் குளூ கொடுப்பார்கள். வாங்கி வந்து பிளவில் ஊற்றி, ரப்பர் பட்டையால் இறுக்கி, மறுநாள் பார்த்தால் ஒட்டியிருக்கும். ஒரு மாதம் கழித்துப் பழைய பிளவுக்குப் பக்கத்தில் புதியது ஒன்று தெரியும். பசை பிடித்துக்கொண்டது, மரம் இழுப்பதை நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் ஆர்வம் உள்ளவர்கள் எபாக்சி வாங்கி அதில் நீலமோ தங்கப்பொடியோ கலந்து விரிசலை நிரப்புகிறார்கள். காணொளி பார்த்துச் செய்வது. அழகாகவே இருக்கிறது, மறுக்கவில்லை. ஜப்பானியர் உடைந்த பீங்கானை அரக்கும் தங்கப்பொடியும் வைத்து ஒட்டுவதைப் பார்த்து வந்த ஆசை அது. பீங்கான் ஈரத்தைக் குடித்து உப்புவதில்லை. ஒட்டினால் ஒட்டியபடி நிற்கும். மரத்தில் அகலமான விரிசலுக்குள் கல்லாய் இறுகும் பொருளை நிரப்பிவிட்டு, மழைக்காலத்தில் மரம் உப்பும்போது அது போக இடம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அன்று ஒட்டுப் போட்டது ஒழுகாமல் இருக்க. இன்று போடுவது கண்ணுக்கு. குங்கிலியமும் கம்பித் தையலும் தகரப் பட்டையும் மரம் அசைய இடம் விட்டுப் பிடித்தன. பாட்டில் பசை இடம் விடுவதில்லை.

வீட்டிலேயே செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு என் யோசனை, முதலில் ஒன்றும் செய்யாதீர்கள். கிண்ணம் எந்த அறையில் இருக்கப்போகிறதோ அங்கேயே, குளிர்சாதனக் காற்று நேராக அடிக்காத இடத்தில், ஒரு வாரம் இரண்டு வாரம் சும்மா வையுங்கள். விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கோட்டைத் தாண்டி விரிசல் நகர்ந்தால் மரம் இன்னும் அடங்கவில்லை. அப்போது ஒட்டினால் வேலை வீண். அடங்கியபின் விரிசலின் நுனியில் நூல் ஊசி பருமனுக்கு ஒரு துளை போட்டால் பிளவு அதற்கு மேல் ஓடுவது தடைபடும். உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கையும் அழுக்கையும் சுரண்டி எடுக்க வேண்டும். இந்த வேலைக்குப் பழைய பால்வெட்டுக் கத்தியைப் போல ஒரு கருவி கிடையாது. நுனி மடங்கி வி வடிவில் வாய் வைத்த கத்தி. பட்டையை மயிரிழையாகச் சீவுவதற்கென்றே பிறந்தது. தோட்டம் விட்டு வந்த பல வீடுகளில் இன்னும் அது எங்காவது கூரை இடுக்கில் செருகியிருக்கும்.

மயிரிழை விரிசலுக்கு நீர்த்த சூப்பர் குளூவே போதும். மேலே அதே மரத்தின் தூளைத் தூவித் தேய்த்தால் தடம் தெரியாது. நகக்கண் நுழையும் அளவு இருந்தால் பசையால் நிரப்பாதீர்கள். அதே மரத்தில், ஓட்டம் ஒரே திசையில் இருக்கும்படி மெல்லிய ஆப்பு சீவி, தண்ணீர் தாங்கும் மரப்பசை தடவி மெதுவாகச் செருகுங்கள். அடித்து இறக்கினால் பிளவு கூடும். காய்ந்தபின் மிச்சத்தைச் சீவி உப்புத்தாளால் தேய்க்கலாம். ரப்பர் மரத்துண்டுக்கு எங்கே போவது என்று கேட்க வேண்டாம். உடைந்த நாற்காலிக் கால் ஒன்று எந்த வீட்டிலும் கிடைக்கும், அது பெரும்பாலும் இந்த மரமாகத்தான் இருக்கும். அடிப்பாகம் முழுக்கப் பிளந்த கிண்ணத்தை ஒட்டிக் குழம்பு ஊற்ற ஆசைப்படாதீர்கள். வெங்காயமும் பூண்டும் போட்டு வைக்கலாம்.

பூச்சுக்கு எண்ணெய். தேங்காயெண்ணெய் தடவினால் மரம் பளபளக்கும், ஆனால் அது உலர்ந்து படலமாகாது. கழுவக் கழுவப் போய்விடும். ஆளிவிதை எண்ணெய் மெதுவாக உலர்ந்து இறுகும். ரசாயன உலர்த்தி கலக்காததாகப் பார்த்து வாங்கி, மெல்லியதாகத் தடவித் துடைத்து, சில நாள் காயவிட்டு, மறுபடி தடவ வேண்டும். வெட்டுமுகத்துக்கு மட்டும் இரண்டு கை கூடுதலாக. எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடக் கூடாது, தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துத்தான் எறிய வேண்டும். ரப்பர் மரத்துக்குள் ஏற்றிய போரான் உப்பு தண்ணீரில் கரையக்கூடியது. ஆகவே கிண்ணத்தை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுவது விரிசலுக்கும் கேடு, பூச்சிக்கும் வழி. கழுவி, துடைத்து, நிழலில் கவிழ்த்து வையுங்கள்.

டூலாங்குக்கு இப்போது புதிய வேலை கிடைத்திருக்கிறது. ஈப்போ பழைய நகரத்தில் காபிக் கடைகள் அதைச் சுவரில் மாட்டுகின்றன. பல ஆண்டு தண்ணீரில் ஊறியே பழகிய மரத்தைக் குளிர்சாதன அறையில் எட்டடி உயரத்தில் தொங்கவிட்டால் என்ன ஆகும்? தகரப் பட்டைக்குக் கீழே பழைய விரிசல் திறந்துகொள்ளும், பட்டை தளர்ந்து ஆணி துருத்தும். சிலர் தட்டின் இரு ஓரத்திலும் திருகாணி போட்டுச் சுவரோடு இறுக்கியிருக்கிறார்கள். மரம் அகலவாக்கில் சுருங்க முயலும்போது இரண்டு திருகாணியும் விட்டுக்கொடுக்காது. நடுவில் கிழிந்துதான் ஆக வேண்டும். மாட்டத்தான் வேண்டுமென்றால் ஒரு பக்கம் வட்டத் துளை, மறுபக்கம் மரத்தின் ஓட்டத்துக்குக் குறுக்கே நீண்ட துளை போடச் சொல்லுங்கள். திருகாணியைக் கடைசிச் சுற்றுக்கு முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். குளிர்சாதனக் காற்று வீசும் வாய்க்கு எதிரே மாட்ட வேண்டாம்.